பழைய சாலையின் பரீட்சை

பழுதுபட்ட தார்ச்சாலையைச் சுரண்டி எடுப்பதும், அவ்விடத்தில் ஆவி பறக்கும் புதுக் கலவையைக் கொட்டிப் பரப்பி உருளையால் அழுத்துவதும், தெருவில் போவோர் வருவோர் அனைவரும் நின்று காணக்கூடிய காரியங்கள். சுரண்டி எடுத்த அந்தக் கருங்கட்டிகள் மறுபடியும் சாலையாகும் தகுதி உடையனவா என்று நிர்ணயிக்கும் காரியமோ, உலையும் தராசும் சல்லடையும் கண்ணாடிக் குடுவையும் நிறைந்த ஒரு சிறிய பரிசோதனைச்சாலையில், பொதுஜனங்களின் கண்ணுக்கு எட்டாமல் நடைபெறுகிறது. அங்கே நிகழும் பரீட்சைகள் ஒரே நாளில் வகுக்கப்பட்டவை அல்ல. ஏறக்குறைய 130 ஆண்டுகளாக, ஒவ்வொரு தலைமுறையினரும் தமக்கு முன்னிருந்தவர்களுடைய முறையில் கண்ட குறையைத் திருத்தித் திருத்தி அமைத்தவை. பழைய சாலையை மீண்டும் சாலையாக்கும் தொழில் பெரிய இயந்திரங்களின் வரவால் வளர்ந்தது என்று சொல்வது வழக்கம். இயந்திரங்களின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அத்தொழிலின் சரித்திரத்தை ஊன்றிப் படிக்கிறவர்களுக்கு அதன் உயிர்நாடி வேறோரிடத்தில் இருப்பது புலப்படும். கைப்பிடியளவு மாதிரி ஒன்று, தான் எந்தச் சாலையிலிருந்து வந்ததோ அந்தச் சாலையைப் பற்றிப் பொய் சொல்லாதபடி அதனைப் பக்குவம் செய்வது எப்படி என்பதே அந்த உயிர்நாடி.

தார்ச்சாலை என்று நாம் பேச்சில் வழங்குவது, எடையில் ஏறக்குறைய 95 பங்கு ஜல்லியும் மணலும் கல்தூளும், எஞ்சிய 5 பங்கு நிலக்கீலும் சேர்ந்த கலவை. அந்த ஐந்து பங்குதான் கல்லைக் கல்லோடு பிணைக்கிறது. மழைநீர் உள்ளே புகாதபடி காக்கிறது. கோடையில் இளகிக் குளிரில் இறுகிச் சாலையின் சுகதுக்கங்களுக்கெல்லாம் காரணமாகிறது. நவீன முறையில் நிலக்கீலைக் கொண்டு வீதி சமைக்கும் தொழில் அமெரிக்காவில் வேரூன்றியது, பெல்ஜியம் நாட்டிலிருந்து குடியேறிய எட்மண்ட் டி ஸ்மெட் என்னும் இரசாயன நிபுணர் 1870-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்து நூவர்க் நகரில் போட்ட வீதியோடு என்று சொல்லுவார்கள். அதன்பின் 1876-இல் வாஷிங்டன் மாநகரின் பென்ஸில்வேனியா வீதி நிலக்கீல் தளம் பெற்றது. அந்நாளில் இப்பொருளின் பெரும் பகுதி, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட்டிலுள்ள இயற்கையான கீல் ஏரியிலிருந்து வெட்டிக் கப்பலேற்றப்பட்டது. 1595-இல் ஸர் வால்ட்டர் ராலே தம் கப்பல்களின் இடுக்குகளை அடைத்துக்கொண்டதும் அந்த ஏரியின் கீலைக் கொண்டுதான்.

ஏரிக்கீல் உள்ளபடியே வீதிக்கு உதவாது. அது மிகவும் கடினமானது. பெட்ரோலியத்தின் கசண்டு எண்ணெயைத் தக்க அளவில் கலந்து அதை இளக்கவேண்டும். எண்ணெய் கூடினால் கோடை வெயிலில் வீதி உருகி வண்டிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் பனிக்காலத்தில் வெடித்துப் பிளக்கும். ஆகவே பதம் அறிவது தொழிலின் முதற்பாடமாயிற்று. அதற்கென ஒரு கருவியும் இல்லாத அக்காலத்தில், அனுபவம் வாய்ந்த மேற்பார்வையாளர்கள் கீலில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி வாயிலிட்டு மென்று பார்த்தே அதன் பதத்தைத் தீர்மானித்தார்கள். பல்லுக்கு அது எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பதே அவர்களுடைய அளவுகோல். அவர்களில் பலர் அதில் வியக்கத்தக்க தேர்ச்சி பெற்றிருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவருடைய பல் அறிந்ததை மற்றொருவருக்கு எழுதி அனுப்ப இயலாது. ஒப்பந்தத்தில் சேர்க்க இயலாது. பத்தாண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இயலாது.

இந்தக் குறையைத் தீர்க்க முற்பட்டவர், பார்பர் அஸ்பால்ட் பேவிங் கம்பெனியைச் சேர்ந்த எச். ஸி. போவன் என்பவர். அவர் 1888-இல் அமைத்த கருவியில் பல்லின் வேலையை ஒரு தையல் ஊசி மேற்கொண்டது. குறிப்பிட்ட உஷ்ணத்தில் வைத்த கீலின்மேல், குறிப்பிட்ட பாரத்தைச் சுமந்த ஊசியைக் குறிப்பிட்ட நேரம் விட்டுவைத்தால் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பதே அக்கருவியின் தத்துவம். வாஷிங்டன் நகரில் நிலக்கீல் பரிசோதகராக இருந்த ஏ. டபிள்யூ. டோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சீர்திருத்தினார். பின்னர் 25 பாகை ஸெல்ஸியஸ் உஷ்ணம், 100 கிராம் பாரம், 5 விநாடி நேரம் என்ற நியமம் நிலைபெற்றது. ஊசி இறங்கும் ஆழத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு குறித்து, அதனை ஊடுருவல் என்று வழங்கினார்கள். 60 என்றால் ஊசி 6 மில்லிமீட்டர் இறங்கியது என்று பொருள். இவ்வளவு எளிய பரீட்சை ஒன்று, தேசங்களைக் கடந்து, இன்றும் உலகின் பல சாலைப் பரிசோதனைச்சாலைகளில் நடந்துவருவது அதன் நேர்மைக்குக் கிடைத்த சன்மானம்.

அதே காலத்தில் கலவையின் பரீட்சைக்கும் வழி பிறந்தது. வாஷிங்டனில் பணியாற்றிய கிளிஃபர்ட் ரிச்சர்ட்ஸன், சூடான கலவையைப் பழுப்பு நிறத் தடித்த காகிதத்தின்மேல் வைத்து மரக்கட்டையால் அழுத்தி, காகிதத்தில் படியும் கறையின் கனத்தைக் கொண்டு கீலின் அளவு போதுமா, மிகையா என்று நிதானிக்கும் முறையைப் பிரபலமாக்கினார். கறை வெளுத்திருந்தால் கலவை வறண்டது. காகிதம் நனைந்து கறுத்தால் கீல் அதிகம். அவர் 1905-இல் வெளியிட்ட நூல், நிலக்கீல் சாலையைப் பற்றிய அறிவைக் கைத்தொழிலாளரின் இரகசியம் என்ற நிலையிலிருந்து சாஸ்திரம் என்ற நிலைக்கு உயர்த்தியது. 1907 அளவில் பெட்ரோலியத்தைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் கீல், அமெரிக்காவில் ஏரிக்கீலை அளவில் மிஞ்சிவிட்டது. ஏரி ஒன்றிலிருந்து வந்தது போய், நூறு எண்ணெய்க் கிணறுகளிலிருந்து நூறு குணங்களோடு கீல் வரத் தொடங்கவே, பரீட்சையின் அவசியமும் பெருகிற்று.

இதுவரை சொன்னவை யாவும் புதுப் பொருளுக்கு உரிய பரீட்சைகள். சாலையில் கிடந்து முதுமை எய்திய கீலின் நிலை வேறு. கலவை ஆலையில் சூடான ஜல்லியின்மேல் மெல்லிய படலமாகப் பரவும் அந்தச் சில நிமிஷங்களிலேயே அது பிராணவாயுவோடு சேர்ந்து கணிசமாக இறுகிவிடுகிறது. அதன்பின் ஆண்டுக்கணக்காக வெயிலும் காற்றும் அந்த வேலையை மெதுவாகத் தொடர்ந்து செய்கின்றன. இளகு தன்மை தரும் பகுதிகள் குறைந்து, கடினமான பகுதிகள் பெருகுகின்றன. சாலையில் வெடிப்புத் தோன்றுவதற்கும் கீலின் ஊடுருவல் 20-க்குக் கீழே இறங்குவதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை 1930-களின் ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் இதைக் காண வேண்டுமானால், ஜல்லியோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கீலை, அதன் முதுமை கூடாமலும் குறையாமலும் வெளியே எடுத்தாக வேண்டுமே! கரைப்பானில் கரைத்தால் ஜல்லி பிரியும். அந்தக் கரைப்பானை ஓட்டுவதற்குக் காய்ச்சினால், காய்ச்சும் சூட்டிலேயே கீல் மேலும் முதுமையடையும். சூட்டுக்கு அஞ்சி முன்னதாக நிறுத்தினால், எஞ்சிய கரைப்பான் கீலை இளக்கிப் பொய்யான இளமையைக் காட்டும். இரு புறமும் பள்ளம் உள்ள வரப்பில் நடப்பதாயிற்று பரிசோதகரின் வேலை.

இந்தச் சிக்கலுக்கு ஜீன் ஆப்ஸன் என்பவர் 1933-இல் வெளியிட்ட முறை தெளிவான வழி காட்டியது. இன்றளவும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் செயல்முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது தகும். முதலில், சூடேற்றி உதிர்த்த பழங்கலவையை ஓர் உலோகக் கிண்ணத்தில் இட்டுக் கரைப்பானை ஊற்றி ஊறவிடுகிறார்கள். கிண்ணத்தின் விளிம்பில் காகித வளையத்தைப் பொருத்தி மூடி, மையவிலக்குப் பொறியில் வைத்து வேகமாகச் சுழற்றும்போது, கீல் கலந்த திரவம் வளையத்தின் வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. கல்லும் மணலும் உள்ளே தங்குகின்றன. மறுபடி 200 மில்லிலிட்டர் கரைப்பான், மறுபடி சுழற்சி என்று, முதலில் மையைப்போல் கறுத்து வரும் திரவம் வைக்கோலின் வெளிர் மஞ்சள் நிறத்துக்கு வரும்வரை தொடர்ந்து செய்கிறார்கள். அந்தத் திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத கல்தூள் மிதந்துகொண்டிருக்கும். அது தங்கிவிட்டால் கீல் உண்மையைவிடக் கடினமாகத் தோன்றும். ஆகையால் புவியீர்ப்பைப்போல் 770 மடங்கு விசையில் அரைமணி நேரம் மீண்டும் சுழற்றித் தூளை வண்டலாக்குகிறார்கள். பிறகு திரவத்தைக் குடுவையில் காய்ச்சி வடித்து, கரைப்பானின் கடைசித் துளிகள் விட்டுப் போகாமல் அடம்பிடிக்கும் தறுவாயில், கரியமில வாயுவை ஒரு குழாயின் வழியே கீலுக்குள் குமிழியிடச் செய்கிறார்கள். வாயு கரைப்பானின் ஆவியைத் தன்னோடு அடித்துச் செல்கிறது. பிராணவாயுவுக்கு அங்கே இடமில்லாமையால் கீலும் மேலும் கெடாமல் பாதுகாக்கப்படுகிறது. இறுதியில் குடுவையில் எஞ்சும் சில பத்துக் கிராம் கருந்திரவமே சாலையின் மெய்யான வயதைச் சொல்லும் சாட்சி.

பழைய கீலை மீட்கும் முறை இவ்வாறு அமைய, கலவை முழுவதையும் சோதிக்கும் முறையை யுத்தம் கொண்டுவந்து சேர்த்தது. மிஸ்ஸிஸிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்த புரூஸ் மார்ஷல் 1939 அளவில் உருவாக்கியிருந்த ஒரு பரீட்சை முறையை, இரண்டாம் உலகப்போரின்போது விக்ஸ்பர்க் நகரிலுள்ள இராணுவப் பொறியியல் ஆய்வுநிலையம் 1943 முதல் ஆராய்ந்து விரிவுபடுத்தியது. குண்டுவீச்சு விமானங்களின் எடையும் அவற்றின் சக்கரங்களில் அடைத்த காற்றின் அழுத்தமும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போக, அவற்றைத் தாங்கும் ஓடுதளத்தை உலகின் எந்த மூலையிலும் விரைவாக வடிவமைக்க, எளிதில் தூக்கிச் செல்லத்தக்க கருவி ஒன்று படைக்குத் தேவைப்பட்டது. மார்ஷல் முறை அத்தேவையை நிறைவேற்றியது.

அம்முறையில் ஒரு மாதிரியைத் தயாரிக்கும் விதத்திலேயே ஒரு கண்டிப்பு இருக்கிறது. ஏறக்குறைய 1200 கிராம் எடையுள்ள சூடான கலவையை, முன்னரே சூடேற்றி வைத்த 4 அங்குல விட்டமுள்ள எஃகு அச்சில் கொட்டி, சூடேற்றிய கரண்டியால் ஓரத்தைச் சுற்றி 15 முறையும் நடுவில் 10 முறையும் குத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய ஜல்லிகள் ஒரு பக்கமாய்க் கூடிக்கொண்டு பொந்துகள் உண்டாகும். பின்னர் 10 ராத்தல் எடையுள்ள சம்மட்டி 18 அங்குல உயரத்திலிருந்து, ஒரு முகத்தில் 50 அல்லது 75 அடி, திருப்பிப்போட்டு மறு முகத்திலும் அதே எண்ணிக்கையில் அடி என்று விழுகிறது. ஆறியபின் அச்சிலிருந்து வெளிவரும், இரண்டரை அங்குல உயரமுள்ள அந்தக் கருவட்டத்தைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, அதனுள் எத்தனை பங்கு வெற்றிடம் என்று கணக்கிடுகிறார்கள். அதன்பின், கோடை வெயிலில் சாலை அடையும் சூட்டை நினைவில் கொண்டு, 60 பாகை வெந்நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்து, வெளியே எடுத்த 30 விநாடிக்குள் அழுத்தி நொறுக்கி, அது தாங்கிய உச்ச பாரத்தையும் அதற்குள் அடைந்த நெளிவையும் குறித்துக்கொள்கிறார்கள். 30 விநாடி என்பது வெறும் சடங்கு அன்று. அதற்கு மேல் தாமதித்தால் மாதிரி ஆறத் தொடங்கி, தனக்கு இல்லாத பலத்தைக் காட்டிவிடும். இதே காலத்தில் கலிபோர்னியாவில் ஃபிரான்ஸிஸ் வீம், ஜல்லியின் மேற்பரப்பு எவ்வளவோ அதற்கேற்பவே கீலின் தேவையும் அமையும் என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டு வேறொரு முறையை வளர்த்தார். அவருடைய முறை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வேரூன்றியது. மார்ஷல் முறையோ உலகெங்கும் பரவியது.

பழைய சாலையைப் பெயர்த்து மறுபடி உபயோகிப்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அங்குமிங்குமாக நடந்ததுதான். ஆனால் எண்ணெய் மலிந்து, புதுக் கீல் அற்ப விலைக்குக் கிடைத்த தசாப்தங்களில் அதை நாடுவார் இல்லை. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, கீலின் விலை ஏறி, சாலைத் துறைகள் திகைத்து நின்றன. குப்பைமேட்டில் கொட்டிய பழங்கட்டிகளில் பணம் கிடக்கிறது என்ற உண்மை அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. சாலையின் மேற்பரப்பைச் சூடேற்றாமலே பற்களால் சுரண்டி எடுக்கும் மில்லிங் இயந்திரங்களும் அந்தத் தசாப்தத்தின் நடுவிலேயே நடைமுறைக்கு வந்தன. அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 1976-இல் இதற்கெனச் செயல்விளக்கத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மாநிலங்கள் தாங்களே செய்து பார்க்க ஊக்கமளித்தது. முதல் முயற்சிகளில் பழங்கலவை ஆலையின் தீநாக்கில் நேராகப் பட்டு, அதன் கீல் எரிந்து நீலப் புகை கிளம்பி, அக்கம்பக்கத்தாரின் கண்டனத்துக்கு ஆளாயிற்று. பழங்கலவையைச் சுழலும் உருளையின் நடுப்பகுதியில், தீயின் கைக்கு எட்டாத இடத்தில் சேர்த்து, மிகையாகச் சூடேற்றிய புது ஜல்லியின் வெப்பத்தால் அதை இளக்கும் ஏற்பாடு வந்தபின்னரே அந்தப் புகை அடங்கியது.

ஆலையின் புகை அடங்கிற்று. பரிசோதனைச்சாலையின் தொல்லை தொடங்கிற்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. பானை ஒன்று, நீர் ஒன்று, தீயும் ஒன்று என்று இருக்கும்போது அப்பழமொழி பொய்யாவதில்லை. பழஞ்சாலைக் குவியல் அப்படிப்பட்டதன்று. ஒரு மைலுக்கு ஒரு காலத்தில் ஒருவர் போட்ட சாலை, அடுத்த மைலுக்கு வேறொரு காலத்தில் வேறொருவர் போட்டது. இடையிடையே ஒட்டுப்போட்ட இடங்கள். வெயில் பட்ட மேற்பரப்பின் கீல் ஒரு வயது, இரண்டங்குலம் கீழேயுள்ள கீல் மற்றொரு வயது. சுரண்டும் இயந்திரம் இவை அனைத்தையும் ஒன்றாகக் குவித்துவிடுகிறது. சுரண்டும்போது கற்கள் உடைந்து தூளும் பெருகிவிடுகிறது. ஆகவே குவியலின் பல இடங்களிலிருந்து வாரி, ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிரான இரு பகுதிகளை நீக்கி, மீண்டும் கலந்து மீண்டும் பகுத்து, வேண்டிய அளவுக்குக் குறைக்கும் பழைய முறையைப் பரிசோதகர்கள் இங்கே உறுதியாகப் பற்றிக்கொண்டார்கள். இவ்வேலையில் அவசரப்பட்டவர்களுக்கு, பின்னால் செய்யும் நுட்பமான பரீட்சைகள் ஒன்றும் பயன்படா.

இப்படி எடுத்த மாதிரியின் ஒரு பகுதியிலிருந்து, ஆப்ஸன் முறையால் பழைய கீலை மீட்டு அதன் பாகுநிலையை, அதாவது ஒழுகுவதற்கு அது காட்டும் எதிர்ப்பை, அளக்கிறார்கள். கரைப்பானில் கழுவிய ஜல்லியைச் சல்லடையில் சலித்து, எந்தெந்தப் பருமனில் எத்தனை பங்கு என்று அறிகிறார்கள். பிறகு வரைபடத்தாளின் ஒரு கரையில் பழைய கீலின் பாகுநிலையையும், மறு கரையில் சேர்க்கப்போகும் இளகிய புதுக் கீலின் பாகுநிலையையும் புள்ளியிட்டு நேர்கோட்டால் இணைத்தால், எந்த விகிதத்தில் கலந்தால் வேண்டிய பதம் கிட்டும் என்று அக்கோடு காட்டிவிடும். மீந்த பழங்கலவையைப் புது ஜல்லியோடு சேர்த்து மாதிரி அடிக்கும்போது வேறொரு ஜாக்கிரதை தேவை. பழங்கலவையை 110 பாகை உஷ்ணத்துக்கு மேற்படாமல், ஓரிரு கிலோ அளவுக்கு 2 மணி நேரத்துக்கு மேற்படாமல்தான் சூடேற்றலாம். புது ஜல்லியை மட்டும் கலக்கும் உஷ்ணத்துக்கு மேல் 10 பாகை வரை கூடுதலாகச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். பழங்கலவையை இரவெல்லாம் உலையில் விட்டுவைத்தால், சாலையில் பல ஆண்டுகள் அடைந்த முதுமைக்கு மேல் உலையின் முதுமையும் சேர்ந்துகொள்ளும். பரிசோதகர் அப்போது அளப்பது சாலையை அன்று, தம்முடைய அசிரத்தையையே.

1987-இல் அமெரிக்கா தொடங்கிய மாபெரும் நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம், 15 கோடி டாலர் நிதியில் 5 கோடியை நிலக்கீல் ஆராய்ச்சிக்கே ஒதுக்கியது. அதன் பயனாக, சம்மட்டி அடிக்குப் பதிலாக, 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள அச்சைச் சற்றுச் சாய்த்து நிமிஷத்துக்கு 30 சுற்று வீதம் சுழற்றிக்கொண்டே அழுத்தும் பொறி வந்தது. உருளையின் கீழ் ஜல்லிகள் ஒன்றையொன்று உராய்ந்து இடம் தேடிக்கொள்வதை அது சம்மட்டியைவிட நன்றாக ஒத்திருந்தது. கீலையும் ஊசியின் ஆழத்தால் அன்றி, அது பணியாற்ற வேண்டிய ஊரின் கோடைச்சூட்டையும் குளிரையும் கொண்டே தரம் பிரித்தார்கள். இவ்வளவு விரிவான அமைப்பில் பழங்கலவையைப் பற்றிய விதி ஏதும் தொடக்கத்தில் சேர்க்கப்படவில்லை. அதனால் பல மாநிலங்கள் பழங்கலவையைச் சேர்ப்பதா, விடுவதா என்று தயங்கி நின்றன.

அத்தயக்கத்தின் அடியில் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. இறுகிப்போன பழைய கீல் உண்மையில் புதுக் கீலோடு கலக்கிறதா, அல்லது கல்லின்மேல் பூசிய கறுப்புச் சாயம்போல் செயலற்றுக் கிடக்கிறதா? செயலற்றுக் கிடக்குமானால் பழங்கலவை வெறும் கருங்கல்லே. வரைபடத்தில் இழுத்த நேர்கோடுகளெல்லாம் வீண். பர்டூ பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வு மையத்தின் ரெபெக்கா மெக்டேனியலும், அஸ்பால்ட் இன்ஸ்டிட்யூட்டின் மைக்கேல் ஆண்டர்ஸனும் நடத்திய ஆராய்ச்சி இக்கேள்வியை நேரே எதிர்கொண்டது. ஃபிளாரிடா, கனெக்டிகட், அரிஸோனா ஆகிய மூன்று மாநிலங்களின் பழங்கலவைகளைக் கொண்டு, மூன்று விதமான மாதிரிகளை அவர்கள் தயாரித்தார்கள். முதல் வகையில், பழங்கலவையின் கீலை முற்றிலும் கழுவிவிட்டு, வெறும் ஜல்லியோடு புதுக் கீல் மட்டும் சேர்ந்தது. பழைய கீல் செயலற்றது என்றால் சாலை இப்படித்தான் நடந்துகொள்ளும். இரண்டாம் வகையில், மீட்ட பழைய கீலையும் புதுக் கீலையும் முன்னரே முழுவதும் ஒன்றாகக் கலந்து ஜல்லியோடு சேர்த்தார்கள். மூன்றாம் வகையில், ஆலையில் நடப்பதுபோல் பழங்கலவையை அப்படியே சேர்த்தார்கள். மூன்றிலும் ஜல்லியின் பருமன் விகிதமும் கீலின் மொத்த அளவும் ஒன்றாகவே இருந்தன. பழைய கீல் நிற்கும் நிலை மட்டுமே மாறியது.

பழங்கலவை 10 சதவிகிதமாக இருந்தபோது மூன்று வகை மாதிரிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. 40 சதவிகிதமாக உயர்ந்தபோதோ, நடைமுறை மாதிரி முழுக்கலப்பு மாதிரியை நெருங்கி நின்றது. கருங்கல் மாதிரி தனித்து விலகியது. பழைய கீல் செத்த பொருள் அன்று, பெரும்பகுதி உயிர்பெற்றுக் கலக்கிறது என்பது இதனால் நிறுவப்பட்டது. 2001-இல் வெளியான வழிகாட்டு நெறி இந்த முடிவை அடியொற்றியது: பழங்கலவை 15 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் புதுக் கீலின் தரத்தை மாற்ற வேண்டியதில்லை, 15 முதல் 25 வரை என்றால் ஒரு படி இளகிய தரம் போதும், அதற்கு மேற்பட்டால் கீலை மீட்டு அளந்து வரைபடம் போட்டே ஆகவேண்டும். மாதிரி தயாரிக்கும் விதத்தை மட்டும் மாற்றி, ஒரு பொருளின் அந்தரங்கத்தை இவ்வளவு தெளிவாகக் கேட்டறிந்த இந்த ஆராய்ச்சியை, இத்துறையின் மிக அழகிய சாதனைகளுள் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

பரிசோதகர்களின் உடல்நலமும் இச்சரித்திரத்தில் ஓர் அத்தியாயம். கீலைக் கரைக்கப் பல தசாப்தங்களாகப் பயன்பட்ட பென்ஸீனும் டிரைகுளோரோஎதிலீனும் புற்றுநோய் விளைவிப்பவை என்று தெளிவாயிற்று. அவற்றின் ஆவியை நாள்தோறும் சுவாசித்துக்கொண்டே சாலைகளுக்கு ஆயுள் கணித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயரை எந்தச் சாலையும் தாங்கவில்லை. இந்த அபாயத்துக்கு மாற்றாக, 1990-களில் அலபாமா மாநிலம் ஆபர்ன் பல்கலைக்கழகத்திலுள்ள நிலக்கீல் ஆய்வு மையம், 538 பாகை உஷ்ணத்தில் கீலை முழுவதும் எரித்து, எடைக்குறைவைக் கொண்டு அதன் அளவை அறியும் உலையைச் செம்மைப்படுத்தியது. அளவை அறிய அது போதும். குணத்தை அறியவோ கீல் மிஞ்சுவதில்லை. ஆதலால், மீட்டெடுக்கும் பழைய கலை கைவிடப்படாமல், சுழலும் குடுவையில் காற்றழுத்தத்தைக் குறைத்துத் தாழ்ந்த சூட்டில் கரைப்பானை ஓட்டும் புதிய வடிவில் தொடர்கிறது. பழங்கலவையைச் சேர்க்கும் அளவிலோ ஜப்பானியர் இன்னும் ஒரு படி சென்று, கலவைகளில் பாதியளவு பழம்பொருளையே சேர்க்கும் நிலையை எட்டியிருக்கிறார்கள். அங்கே பழங்கலவை ஏற்கத்தக்கதா என்று தீர்ப்பதற்கு, மீட்ட கீலின் ஊடுருவல் 20-க்குக் குறையக்கூடாது என்னும் விதி நெடுங்காலமாக வழங்கிவருகிறது. போவனின் ஊசி இறங்கும் ஆழத்தைக் கொண்டே அங்கு ஒரு சாலையின் மறுபிறப்பு நிச்சயமாகிறது.

இந்த வித்தை நமக்கும் அந்நியமானதன்று. மார்ஷல் முறை நம் நாட்டு நெடுஞ்சாலைப் பணிகளில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. 2006 முதல் இந்தியத் தர நிர்ணயம் கீலை ஊடுருவலால் அன்றிப் பாகுநிலையால் தரம் பிரிக்கிறது. பழஞ்சாலையை மறுபடி உபயோகிப்பதற்கான நெறியை இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2015-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டிலோ இவ்விஷயம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பழைய தளத்தின்மேல் புதுத் தளம், அதன்மேல் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டே போனதால், பல தெருக்களில் வீட்டுத் திண்ணைகள் சாலைக்குக் கீழே தாழ்ந்து, மழைநீர் நடுக்கூடத்தில் புகுந்தது. பழைய தளத்தைச் சுரண்டி அகற்றியபின்னரே புதுத் தளம் போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டதன் நோக்கம் இதைத் தடுப்பதே. சுரண்டினால் குவியல் சேரும். குவியல் சேர்ந்தால் அதனை என் செய்வது என்ற கேள்வி தானே எழும்.

அக்கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பை இயந்திரத்தின் தலையில் சுமத்துவது எளிது. சுரண்டும் இயந்திரத்தை வாடகைக்குப் பெறலாம். கலக்கும் ஆலையை விலைக்கு வாங்கலாம். குவியலைப் பொறுமையாய்ப் பகுத்து, உலையின் சூட்டைக் கண்காணித்து, கரைப்பானின் கடைசித் துளி நீங்கும்வரை காத்திருந்து, கிடைத்த எண் தமக்கு உவப்பில்லாதபோதும் அதை அப்படியே எழுதும் மனிதரை அவ்வாறு வாங்க இயலாது. பயிற்றுவித்தும், கால அவகாசம் அளித்தும், அவர் எழுதிய எண்ணுக்கு மதிப்பளித்தும்தான் உருவாக்க வேண்டும். இச்சரித்திரத்தில் நாம் சந்தித்த ஒவ்வொருவரும், மாதிரி எவ்வெவ்வழியில் பொய் சொல்லக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தவர்களே. பழைய சாலையை மறுபடி சாலையாக்க விரும்பும் எந்த நகராட்சியும் எந்த ஒப்பந்தக்காரரும், முதல் வண்டிக் கலவை ஆலையை விட்டுப் புறப்படுமுன், மாதிரியின் பரீட்சை முடிவுகளை மேஜையின்மேல் வைக்கும்படி கேட்கவேண்டும். கேட்பதற்கு உரிமை உள்ள குடிமக்கள், அவர்கள் கேட்டார்களா என்று விசாரிக்க வேண்டும்.